கார் புளோயர் ஓடவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

செட்டிநாட்டுப் பக்கம் கார் புளோயர் (வண்டிக்குள் காற்றைத் தள்ளும் விசிறியும் மோட்டாரும்) மக்கர் பண்ணுவதற்கு இரண்டு பருவம் உண்டு. ஒன்று பங்குனி, சித்திரை. வேப்பம்பூவும் புளிய இலையும் உதிர்ந்து, செம்மண் புழுதியோடு சேர்ந்து, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுச் சல்லடை வழியாக உள்ளே போய்விடும். இன்னொன்று ஐப்பசி மழை. இவை போக, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டின் கொட்டகையிலிருந்து கல்யாணத்துக்கோ, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ வண்டியை வெளியே எடுக்கும் நாள். அது எந்த மாதத்திலும் வரும்.

பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரை மாற்றித் தருவார்கள். ஓடும். கொஞ்ச நாளில் மறுபடி நிற்கும். ரெசிஸ்டரோ ஃபியூஸோ தானாகப் போவது குறைவு. அதைப் போகவைத்த ஒன்று பின்னால் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு மாட்டுவது, புதுசையும் பலி கொடுப்பதுதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் போனது எது என்பதோடு, எதனால் போயிருக்கும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

மின்சாரம் போகும் பாதை

புளோயர் மோட்டார் நிரந்தரக் காந்தம் வைத்த சாதாரண 12 வோல்ட் டிசி மோட்டார். உள்ளே சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ், தண்டைத் தாங்கும் வளையமாக புஷ். நம்மூர் வண்டிகளில் பெரும்பாலும் இடது பக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் கீழ்நோக்கி மாட்டியிருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் (பெரும்பாலும் 30 ஆம்பியர், சிறு வண்டிகளில் 25), ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), மோட்டார், ரெசிஸ்டர், வேக சுவிட்ச், எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டி பாடி) என்ற வரிசை பல வண்டிகளில் உண்டு. சிலவற்றில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இருக்கும்; வரிசைதான் மாறும், வேலை ஒன்றுதான்.

முழு வேகத்தில் மோட்டாருக்கு நேரடி மின்சாரம். மற்ற வேகங்களில் ரெசிஸ்டர் கம்பிச்சுருள் நடுவில் நின்று வோல்ட்டைக் குறைக்கும். ஒன்றாம் வேகத்தில் மோட்டாருக்கு 5 வோல்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடும்போது கிடைப்பது 13 வோல்ட்டுக்கு மேல். மீதி 8 வோல்ட் ரெசிஸ்டரில்தான் விழ வேண்டும். 4 ஆம்பியர் ஓடினால் 32 வாட் சூடு. டிவி ரிப்பேர் கடையில் இருக்கும் 25 வாட் சாலிடரிங் அயர்னைவிட அதிகம் அது. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ரெசிஸ்டரைக் காற்றுப் பாதைக்குள்ளேயே நீட்டி வைத்திருக்கிறார்கள். காற்று குறைந்தால் ரெசிஸ்டர் வேகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பழுது புரிந்துவிடும்.

தானாக வெப்பநிலை பார்க்கும் ஏசி உள்ள வண்டிகளில் கம்பிச்சுருள் கிடையாது. அலுமினியத் தகடு வைத்த ஒரு டிரான்சிஸ்டர் மாட்யூல் அந்த வேலையைச் செய்யும். அதுவும் காற்றை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், மாஸ்க், 21 வாட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்த டெஸ்ட் லேம்ப். குளோவ் பாக்ஸ் பக்கம் மஞ்சள் நிறக் கப்ளரோ (வயரை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) மஞ்சள் உறை போட்ட வயரோ இருந்தால் அது ஏர்பேக். அதில் மீட்டரும் வேண்டாம், லேம்பும் வேண்டாம்.

எந்த வேகத்திலும் ஓடவில்லை

ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாமல், சாவி போட்டு வைத்து, லேம்பின் ஒரு வயரை வண்டி பாடியில் எர்த் செய்து, இன்னொன்றை ஃபியூஸின் இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. கீழே ‘ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது’ பகுதிக்குப் போய்விடுங்கள். இரண்டிலும் எரியாவிட்டால் ஃபியூஸுக்கு மின்சாரமே வரவில்லை. அந்த ஃபியூஸுக்கு மின்சாரம் ரிலே வழியாகவா, நேராகப் பேட்டரியிலிருந்தா என்று பார்த்து மேலே போக வேண்டும். ரிலேயைச் சோதிக்கச் சுலபமான வழி, அதே எண் போட்ட ஹாரன் ரிலேயைக் கழற்றி இங்கே மாட்டிப் பார்ப்பது.

அடுத்து, சாவி போட்டு, வேகத்தை முழுசாக வைத்துவிட்டு, குளோவ் பாக்ஸுக்குக் கீழே குனிந்து மோட்டாரின் அடிப்பகுதியை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். சட்டென்று ஓட ஆரம்பித்தால் கார்பன் தேய்ந்துவிட்டது. அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம். மோட்டாருக்கு நாள் குறித்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டியும் ஓடவில்லையா? மோட்டார் கப்ளரைக் கழற்றி அதன் இரண்டு முனைக்கும் நடுவே லேம்பைப் போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் மின்சாரம் சரியாக வருகிறது, மோட்டார்தான் போச்சு. எரியாவிட்டால் லேம்பின் ஒரு வயரை வண்டி பாடியில் நல்ல எர்த்தில் வைத்து, இன்னொன்றைக் கப்ளரின் இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் எரிந்தால் பாசிட்டிவ் வருகிறது. ரெசிஸ்டர், சுவிட்ச், எர்த் பக்கம் தேட வேண்டும். எதிலும் எரியாவிட்டால் ஃபியூஸ், ரிலே பக்கம். சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இருக்கும் வண்டியில் மட்டும் இந்தக் கணக்கு மாறும்: எதிலும் எரியாவிட்டால் சுவிட்சையும் ரெசிஸ்டரையும்கூடச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் இருக்கும்போது லேம்ப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பச்சைக் களிம்பு பிடித்த கப்ளரில் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு கொஞ்சம். அதை நம்பி மோட்டாரை மாற்றினால் புது மோட்டாரும் ஓடாது. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். அங்கே அந்த ஒற்றை இழையின் சாயம் வெளுத்துவிடும், பல்பு மங்கும். துருவைப் பற்றியும் ஆராய்ச்சி நடத்தும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. அதே ஊரில் பச்சை பிடித்த கப்ளரைத் துணியால் துடைத்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று அனுப்பும் கடைகளும் இருக்கின்றன. பச்சை பிடித்த முனையைச் சுரண்டுவது தற்காலிகம்தான். முனையை மாற்றுங்கள்.

முழு வேகத்தில் மட்டும் ஓடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். 1, 2, 3 வேலை செய்யாது. 4 வைத்தால் சூறாவளி. பெரும்பாலும் ரெசிஸ்டர்தான் போயிருக்கும். முழு வேகத்துக்கு ரெசிஸ்டர் தேவையில்லை என்பதால் அது மட்டும் பிழைத்திருக்கிறது. கழற்றி ஓம் பார்த்தால் முனைகளுக்கு நடுவே ஒற்றை இலக்கத்தில் ஏதாவது காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கும், அல்லது அதில் இருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கும். கழற்றும்போது கவனம், ஓடிய வண்டியில் அது கையைச் சுட்டுவிடும்.

இனிமேல்தான் வேலையே. ரெசிஸ்டர் ஏன் வெந்தது?

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில், ஆச்சி மட்டும் சென்னைக்கும் ஊருக்குமாகப் போய் வருவார். வண்டி பெரும்பாலும் கொட்டகையில்தான் நிற்கும்.

“போன பொங்கலுக்குத்தானப்பா புதுசு மாத்துனாங்க. அதுக்குள்ள எப்படிப் போகும்?” என்றார்.

“ரெசிஸ்டர் மேல தப்பு இல்ல ஆச்சி. உள்ள என்ன இருக்குன்னு பாருங்க” என்று ஏசி ஃபில்டரை உருவிக் காட்டினேன். மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய காகிதம் செங்கல் நிறத்தில் ஒரே பலகையாக நின்றது. மடிப்புகளுக்குள் செம்மண், அதில் ஒட்டிக் காய்ந்த வேப்பம்பூ. மேலே ஒரு மூலையில் தேங்காய் நாரும் இலவம்பஞ்சும் வைத்து அணில் மெத்தை கட்டியிருந்தது. நடுவில் ஒரு கடலைத் தோல்.

ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “அது என் தலகாணிப் பஞ்சு” என்றார்.

ஃபில்டர் அடைத்தால் மோட்டாருக்கு பாரம் கூடி ரெசிஸ்டர் எரிகிறது என்று பலர் சொல்வார்கள். உண்மை நேர் எதிர். இந்த உருளை வடிவ விசிறிக்குக் காற்று கிடைக்காவிட்டால் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. பாரம் குறையும், மோட்டார் இழுக்கும் மின்சாரமும் குறையும். ரெசிஸ்டர் எரிவது பாரத்தால் அல்ல, தணிக்கும் காற்று வராததால். மோட்டாரும் அந்தக் காற்றில் ஒரு பங்கை எடுத்துத்தான் தன்னைத் தணித்துக்கொள்கிறது. ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்று வண்டிக் கையேட்டில் இருக்கும் கணக்கு நல்ல சாலைக்கானது. நம்மூர்ச் செம்மண்ணில் அதில் பாதி ஓடியதுமே உருவிப் பார்த்துவிடுங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசிப் போடுவது வேண்டாம். மாட்டும்போது காற்றுத் திசை அம்புக்குறியையும் பாருங்கள்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் ரெசிஸ்டர் போகிறதா? அப்போது மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். புஷ் காய்ந்து இறுகினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், மின்சாரம் அதிகமாக இழுக்கும், ரெசிஸ்டரில் சூடு ஏறும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, விசிறியைக் கையால் சுற்றிவிடுங்கள். தானாக இரண்டு சுற்றாவது போய் மெதுவாக நிற்க வேண்டும். விட்ட இடத்திலேயே நின்றால் புஷ் இறுகிவிட்டது. ஆம்பியர் பார்க்க ஆசைப்பட்டால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை மட்டும் அளப்பவை. காரில் சுழியம் காட்டிக்கொண்டிருக்கும். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இதைக் கோக்காதீர்கள், முழு வேகத்தில் மீட்டரே போய்விடும்.

ரெசிஸ்டர் கப்ளரையும் திருப்பிப் பாருங்கள். பழுப்பேறி, ஒரு முனை மட்டும் உருகியிருந்தால் அந்த முனை தளர்ந்து சூடாகியிருக்கிறது. புது ரெசிஸ்டரை அதே உருகிய கப்ளரில் சொருகினால் பழைய கதைதான். வயரோடு சேர்ந்த புதுக் கப்ளர் கிடைக்கும். அதே தடிமன் வயராகப் பார்த்து இணைத்து, இணைப்பைச் சரியாக மூடுங்கள்.

வெப்ப ஃபியூஸ் போன ரெசிஸ்டரில் அதன் குறுக்கே ஒரு கம்பியைப் பற்றவைத்து ஓட்டிக் காட்டுவதைச் சிலர் கைத்திறமையாகச் சொல்வார்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள், காய்ந்த இலைக்குப் பக்கத்தில், சிவக்கச் சிவக்கச் சூடாகும் சுருள் அது. செய்யவே செய்யாதீர்கள்.

முழு வேகத்தில் மட்டும் ஓடவில்லை

மேலே சொன்னதற்கு எதிர்ப்பதம். 1, 2, 3 சரியாக ஓடுகிறது என்றால் மோட்டார், ரெசிஸ்டர், ஃபியூஸ் எல்லாம் நல்லவை. சுவிட்சின் கடைசி முனை கருகியிருக்கும். முழு வேகத்துக்குத் தனி ரிலே உள்ள வண்டியில் அந்த ரிலே. சுவிட்ச் பின்பக்கக் கப்ளர் உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 15 ஆம்பியர் அந்தச் சின்ன முனை வழியாகத்தான் போகிறது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

30 ஆம்பியர் போகிறதே என்று 40 போடாதீர்கள். சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளிக் காகிதம் சுற்றவே கூடாது. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அதைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது வயர்.

மோட்டார் கப்ளரைக் கழற்றி வைத்துவிட்டுப் புது ஃபியூஸ் போடுங்கள். அப்போதும் போனால் வயரில் ஷார்ட். பூட்டிக் கிடந்த வண்டி என்றால் எலியைத்தான் முதலில் தேட வேண்டும். ஃபியூஸ் நின்று, கப்ளரை மாட்டியதும் போனால் மோட்டார் இறுகிவிட்டது அல்லது விசிறியில் ஏதோ சிக்கியிருக்கிறது. எலிப் புழுக்கை தெரிந்தால் ஏர் அடித்து ஊதாதீர்கள். மாஸ்க், கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்து, சற்று ஊறவிட்டுத் துடைத்து எடுங்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை.

பள்ளத்தில் இறங்கினால் ஓடும், ஏறினால் நிற்கும்

தளர்ந்த கப்ளர், தளர்ந்த எர்த், தேய்ந்த கார்பன் என்று மூன்றில் ஒன்று. புளோயரை ஓடவிட்டு, வண்டியை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு கப்ளராகக் கையால் ஆட்டிப் பாருங்கள். எதைத் தொடும்போது சத்தம் மாறுகிறதோ அதுதான். ஆட்டி ஒன்றும் தெரியாவிட்டால் முழு வேகத்தில் ஓடவிட்டு, மோட்டார் கப்ளரின் பின்பக்கம் மீட்டர் முனையை நுழைத்து வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்தால் மோட்டாரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறையக்கூடாது. 10, 11 காட்டினால் வழியில் எங்கோ வோல்ட் வீணாகிறது. நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே அளந்தால் எர்த் பக்கமா, பாசிட்டிவ் பக்கமா என்று பிரிந்துவிடும்.

மோட்டார் ஓடுகிறது, காற்று வரவில்லை

முதலில் ஃபில்டர். அடுத்து, ஓட்டிப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் குறைகிறதா என்று கவனியுங்கள். காரைக்குடியில் நன்றாக வந்த காற்று மேலூர் வருவதற்குள் பாதியாகி, டீக்கடையில் நிறுத்திவிட்டு எடுத்தால் சரியாகிறது, வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் என்றால் புளோயரில் குறையில்லை. கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. அது கேஸ் குறைவு, அல்லது காயிலின் குளிர் பார்த்து கம்ப்ரஸரை நிறுத்தும் சென்சாரின் கோளாறு. ஏசி மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

ஆரம்பத்திலிருந்தே காற்று மந்தம் என்றால் விசிறியை இறக்கிப் பாருங்கள். குளோவ் பாக்ஸைக் கழற்றினால் மோட்டாரைப் பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ பிடித்திருக்கும். கப்ளரையும், இருந்தால் சிறு ரப்பர் குழாயையும் எடுத்துவிட்டால் மோட்டாரும் விசிறியும் ஒன்றாகக் கீழே வரும். விசிறித் தகடுகளின் உள்வளைவில் செம்மண் படிந்து, புளிய இலைத் துணுக்குகள் அதில் ஒட்டி, வளைவே நிரவிப் போயிருக்கும். ஃபில்டர் இல்லாமல் வரும் பழைய வண்டிகளில் இது சர்வசாதாரணம். மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு தகடாகச் சுத்தம் செய்யுங்கள். தகட்டில் சின்ன உலோக கிளிப் செருகியிருந்தால் அதை அழுக்கென்று பிடுங்கி எறியாதீர்கள். டயருக்கு வெயிட் வைப்பதுபோல, சமநிலைக்கு வைத்தது அது.

யாராவது சமீபத்தில் மோட்டார் மாற்றியிருந்தால் வயர் திருப்பி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று வெளியேதான் வரும், கொஞ்சமாக வரும். சத்தம் மட்டும் பலமாக இருக்கும். அதனால் பலருக்குச் சந்தேகமே வராது.

சத்தம்

டிக் டிக் என்று வேகத்தோடு ஏறினால் இலையோ குச்சியோ தட்டுகிறது. காலையில் மட்டும் கீச்சென்று கத்திப் பிறகு அடங்கினால் புஷ் காய்ந்துவிட்டது. ஒரு சொட்டு மெஷின் ஆயில் சில வாரம் ஓட்டும், மோட்டாரை மாற்றும் எண்ணத்தோடு விடுங்கள். டாஷ்போர்டே அதிர்ந்தால் விசிறியின் சமநிலை போயிருக்கிறது: உடைந்த தகடு, ஒரு பக்கமாக ஒட்டிய மண், அல்லது கூடு.

மோட்டாரை வெளியே எடுத்து பேட்டரி கொடுத்துச் சோதிப்பதானால் கையில் பிடித்துக்கொண்டு கொடுக்காதீர்கள், துள்ளிவிடும். வயரில் ஒரு ஃபியூஸும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பிறகு நின்றுவிட்டது

வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் சல்லடையின் ஓரத்தில், தண்ணீர் இறங்க இரு பக்கமும் துளை உண்டு. சருகு அடைத்தால் தண்ணீர் அங்கே தேங்கி, காற்று போகும் வாய் வழியாக நேராகப் புளோயரில் இறங்கும். இடது பக்கம் கால்மிதி நனைந்திருந்தால் இதுவாக இருக்கும். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். வெயில் காலத்திலும் நனைந்தால் குழாய், மழையில் மட்டும் என்றால் சல்லடை. நனைந்த மோட்டாரைக் காயவைத்து ஓட்டினாலும் புஷ்ஷில் துரு ஏறியிருக்கும். கீச்சுச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருங்கள். ஐப்பசியில் புளோயர் இல்லாமல் இரவுப் பயணம் வேண்டாம். முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்தால் துடைக்கத் துடைக்க மூடும், எதிர் வண்டி விளக்கில் சாலையே தெரியாது.

சாவியை எடுத்த பிறகும் ஓடுகிறது

ரிலே முனை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது தானியங்கி ஏசி வண்டியில் மாட்யூல் ஷார்ட் ஆகியிருக்கிறது. ராத்திரியோடு பேட்டரி காலியாகிவிடும். அப்போதைக்கு புளோயர் ஃபியூஸைப் பிடுங்கி வையுங்கள். காலையில் ரிலேயை மாற்றிப் பார்த்துவிட்டு, அதற்கும் அடங்காவிட்டால் மாட்யூலுக்குப் போகலாம். அந்த மாட்யூலைக் கழற்றும்போதும் ஏசி ஃபில்டரை ஒருமுறை உருவிப் பார்த்துவிடுங்கள்.